இம்யூனோதெரபி எடுக்கறவங்களுக்கு எந்த ஸ்கேன்: சிடியா, பெட்டா, இல்ல புதுசா வர்ற டிரேசரா?

இம்யூனோதெரபி ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுக்கற முதல் ஸ்கேன் இருக்கே, அதுதான் பெரிய தலைவலி. "கட்டி கொஞ்சம் பெருசாயிருக்கு"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி வந்தா போதும், மருந்து வேலை செய்யலன்னு ஒருத்தர் சொல்வார், இல்ல இல்ல நல்லதுக்குத்தான் வீங்குதுன்னு இன்னொருத்தர் சொல்வார், ரெண்டுமே நடக்கக்கூடியதுங்கறதாலதான் குழப்பமே. கீமோல இது ரொம்ப கம்மி, அது புற்று செல்ல நேரா கொல்லுது, வேலை செஞ்சா கட்டி சுருங்கும், செய்யலன்னா வளரும். ஆனா பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் மாதிரி செக்பாயின்ட் இன்ஹிபிட்டர் மருந்துங்க எதையும் நேரா கொல்றதில்ல, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தில சண்டை போடற டி செல்லுக்கு போட்டிருக்கற தடைய எடுத்து விடுது, அதுக்கப்புறம் சண்டை போடறது டி செல்தான். அந்த டி செல் கூட்டமா கட்டிக்குள்ள புகுந்தா, அடிபட்ட இடம் ஆறுறதுக்கு முன்னாடி வீங்கற மாதிரி, கட்டியும் கொஞ்ச நாளைக்கு பெருசா தெரியும். இதுக்குப் பேர்தான் சூடோபுரோக்ரஷன், அதாவது பொய் வளர்ச்சி.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நெட்ல இத ரொம்ப ஊதிப் பெருசாக்கி வச்சிருக்காங்க. இபிலிமுமாப் 2011ல அமெரிக்கால மெலனோமாங்கற தோல் கேன்சருக்கு அப்ரூவ் ஆச்சு, அந்த மருந்து எடுத்தவங்ககிட்டதான் இந்த பொய் வளர்ச்சி அதிகமா பேசப்பட்டது, ஆனா பொதுவா பாத்தா 100 பேர்ல 10 பேருக்கும் கம்மியாதான் இது நடக்குது, நுரையீரல் கேன்சர்ல இன்னும் கம்மி. அதாவது ஸ்கேன்ல வளர்ந்திருக்குன்னா பெரும்பாலும் நிஜமாவே வளர்ந்திருக்கு. நம்பிக்கை இருக்கட்டும், ஆனா நம்பிக்கைய மட்டும் வச்சு முடிவு எடுக்க முடியாது, அதனாலதான் எந்த ஸ்கேன் எந்த கேள்விக்கு பதில் சொல்லும்னு தெரிஞ்சுக்கணும்.

மொதல்ல சிடி. எங்கயும் கிடைக்கும், பத்து நிமிஷ வேலை, நுரையீரல் லிவர் எல்லாம் நல்லா தெரியும், இம்யூனோதெரபி மருந்துங்களோட பெரிய டிரையல் எல்லாமே கிட்டத்தட்ட சிடி அளவ வச்சுத்தான் நடந்திருக்கு. அளக்கற முறைக்கு ரெசிஸ்ட்னு பேரு, 2009ல வந்த 1.1 வெர்ஷன்தான் இன்னமும் ஓடுது. மொத்தம் அஞ்சு கட்டி வரைக்கும், ஒரு உறுப்புக்கு ரெண்டுக்கு மேல போகாம தேர்ந்தெடுத்து, நீள அளவ எல்லாம் கூட்டி வர்ற தொகைய பாக்கறாங்க, 30% குறைஞ்சா பார்ஷியல் ரெஸ்பான்ஸ் (மருந்து ஓரளவு கேட்டிருக்கு), 20% கூடி அதோட குறைஞ்சது 5 மில்லிமீட்டராவது கூடியிருந்தா புரோக்ரஷன் (நோய் வளருது). இதுல நெறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, குறையறத ஆரம்ப ஸ்கேன்லேருந்து கணக்கு போடுவாங்க, ஆனா வளர்றத அதுவரைக்கும் வந்ததுலயே சின்ன அளவுலேருந்து கணக்கு போடுவாங்க. ஆரம்பத்துல 100 மில்லிமீட்டர், நடுவுல 60க்கு வந்துச்சு, இப்போ 72ன்னு வைங்க, ரிப்போர்ட் புரோக்ரஷன்னு சொல்லும், ஆனா ஆரம்பிச்சப்போ இருந்ததவிட இன்னும் கம்மியாதான் இருக்கு. ரெண்டும் உண்மை. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் படிச்சிட்டு ராத்திரி தூங்காம இருக்கறதுக்கு முன்னாடி எந்த ஸ்கேனோட ஒப்பிட்டாங்கன்னு பாருங்க.

பொய் வளர்ச்சி பிரச்சினைக்காக 2017ல ஐரெசிஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. வளர்ந்திருக்குன்னா உடனே முடிவு பண்ணாம "இன்னும் உறுதியாகாத வளர்ச்சி"ன்னு எழுதி வச்சு, 4லேருந்து 8 வாரத்துக்குள்ள இன்னொரு ஸ்கேன் எடுத்து, அதுலயும் வளர்ந்திருந்தாதான் உறுதி. நல்ல யோசனைதான், ஆனா அத எழுதினவங்களே இது டிரையல்ல டேட்டா சேகரிக்கறதுக்கான விதி, ஒரு நோயாளிக்கு மருந்த தொடரலாமா நிறுத்தலாமான்னு முடிவெடுக்கறதுக்கான விதி இல்லன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. நடைமுறைல டாக்டர்ங்க அந்த யோசனைய மட்டும் எடுத்துக்கறாங்க, ஆள் நல்லா இருந்தா காத்திருந்து பாக்கறது. அது சரிதான்னு நானும் நினைக்கறேன்.

சிடியோட பெரிய குறை, அளவு தெரியும், உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாது. இதுக்கு நுரையீரல் கேன்சர்ல 2018ல வந்த ஒரு சின்ன ஆய்வவிட நல்ல உதாரணம் கிடையாது. 21 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி நிவோலுமாப் ரெண்டு டோஸ் குடுத்து சிடி பாத்தா 2 பேருக்குத்தான் பார்ஷியல் ரெஸ்பான்ஸ், மத்தவங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல "மாற்றம் இல்ல". ஆனா கட்டிய முழுசா வெட்டி எடுத்த 20 பேரோடத மைக்ராஸ்கோப்ல பாத்தப்போ 9 பேருக்கு உயிரோட இருந்த புற்று செல் 10%ஓ அதுக்கும் கம்மியாவோதான் இருந்துச்சு. கட்டி அதே சைஸ், உள்ள பாத்தா செத்த செல்லும் தழும்பும் டி செல்லும். பெருங்குடல் கேன்சர்ல ஆபரேஷனுக்கு முன்னாடி இம்யூனோதெரபி குடுத்தப்போவும் இதே கததான், ஸ்கேன் சொன்னதவிட உள்ள நிலமை ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனால "ஸ்டேபிள்"னு வந்தா இம்யூனோதெரபில அது மோசமான செய்தி கிடையாது.

அடுத்து பெட் சிடி, அதாவது எஃப்டிஜின்னு சொல்ற, கதிரியக்க ஃபுளோரின் 18 ஒட்டின சர்க்கரைய ஊசில ஏத்தி, ஒரு மணி நேரம் அசையாம உக்கார வச்சு, எந்த இடம் சர்க்கரைய அதிகமா இழுக்குதுன்னு பாக்கறது. இப்படி ஊசில ஏத்தற கதிரியக்க பொருளுக்குத்தான் டிரேசர்னு பேரு. ஃபுளோரின் 18 பாதியா குறைய 110 நிமிஷம்தான், அதனால சாயந்திரத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும். புற்று செல் சர்க்கரைய அள்ளி முழுங்கும், செத்த கட்டி முழுங்காது, சிடியால பிரிச்சு பாக்க முடியாதத இது பிரிச்சு காட்டும். இதனாலயே எல்லா தடவையும் பெட்டே எடுத்துடலாமேன்னு கேக்கத் தோணும்.

பிரச்சினை என்னன்னா முழிச்சு சண்டை போடற டி செல்லும் அதே மாதிரி சர்க்கரைய முழுங்குது. ஆரம்ப வாரங்கள்ல பெட் எடுத்தா கட்டி முன்னவிட பளிச்சுன்னு தெரியலாம், அது கேன்சர் பளிச்சா டி செல் பளிச்சான்னு படம் சொல்லாது. அதாவது எந்த குழப்பத்துக்காக சிடிலேருந்து பெட்டுக்கு வந்தோமோ அதே குழப்பம் இங்கயும், வேற வேஷத்துல. சிடில வளர்ச்சி தெரிஞ்ச மறுவாரமே "பெட் எடுத்து தெளிவு பண்ணிக்கலாம்"னு ஓடறது எனக்கு அவ்வளவா ஒப்பல, பளிச்சுன்னு வந்தா ஒரு பதிலும் கிடைக்காது. ஒண்ணுமே பளிச்சுன்னு வரலன்னா மட்டும் அது பெரிய ஆறுதல். நெஜமாவே உடனே தெரிஞ்சாகணும்னா, ஊசி போட்டு எடுக்கற இடத்துல கட்டி இருந்தா பயாப்ஸிதான் நேர் வழி.

பெட்டுக்கு சொந்தமா ஒரு பலம் இருக்கு, அத யாரும் பெருசா பேசறதில்ல. இந்த மருந்துங்க அவுத்து விட்ட டி செல் சில சமயம் நம்ம உறுப்பையே கடிக்கும், தைராய்டு, குடல், நுரையீரல், பிட்யூட்டரி, மூட்டுன்னு எங்க வேணும்னாலும். பெட் கிட்டத்தட்ட மொத்த உடம்பையும் பாக்கறதால இந்த அழற்சி எல்லாம் அதுல தெரியும், சில சமயம் தைராய்டு மாதிரி விஷயத்துல ரத்த டெஸ்ட்ல மாற்றம் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ரிப்போர்ட்ல "தைராய்டு முழுக்க அப்டேக்"னு (அதாவது சர்க்கரைய இழுக்குதுன்னு) இருந்தா அது கேன்சர் பரவல்னு நினைச்சு பயப்பட வேணாம், தைராய்டு டெஸ்ட் எடுக்கணும்னு அர்த்தம். நெஞ்சுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிணநீர் முடிச்சு பளிச்சிடறதும் இதே வகையறா, சார்காய்டுங்கற அழற்சி நோய் மாதிரியே இருக்கறதால சார்காய்டு மாதிரி ரியாக்ஷன்னு சொல்வாங்க, மத்த கட்டி எல்லாம் அடங்கியிருக்கும்போது இது மட்டும் புதுசா வந்தா கேன்சரவிட இந்த ரியாக்ஷனத்தான் சந்தேகப்படணும். இன்னொண்ணு, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்களுக்கு குடல் முழுக்க பளிச்சுன்னு வரும், அது குடல் அழற்சியையும் மறைச்சிரும், அதனால அத எப்போ நிறுத்தணும்னு பெட் சென்டர்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கணும், நீங்களா நிறுத்த வேணாம். நாலஞ்சு மணி நேரமாவது சாப்பிடாம போகணும், ரத்த சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும், சமீபத்துல தடுப்பூசி போட்டிருந்தா எந்தக் கைன்னு சொல்லணும், இல்லன்னா அந்தப் பக்க அக்குள் முடிச்சு பளிச்சுன்னு வந்து ஒரு வாரம் எல்லாருக்கும் நிம்மதி போயிரும்.

மூளைக்கு சிடியும் பத்தாது பெட்டும் பத்தாது. மூளை எப்பவுமே சர்க்கரைய இழுக்கற உறுப்பு, அதுக்குள்ள சின்ன பரவல் இருந்தா பெட்ல அமுங்கிப் போயிரும், எம்ஆர்ஐதான். மெலனோமா, நுரையீரல் கேன்சர் இருக்கறவங்க இத விடவே கூடாது. "பெட் கிளியர்"னு வந்தா அது மூளைக்கும் சேத்து சொன்னதில்ல.

இப்போ கேள்விய மாத்துவோம். மருந்து வேலை செய்யுதான்னு இல்லாம, இவருக்கு வேலை செய்யுமான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படம் எடுத்து சொல்ல முடியுமா? இப்போதைக்கு அதுக்கு பயாப்ஸில பிடி-எல்1 டெஸ்ட் பண்றாங்க, அதாவது டி செல்ல தடுக்கற பிடி-எல்1ங்கற புரதம் எவ்வளவு புற்று செல்லுல இருக்குன்னு பாக்கறது, நுரையீரல் கேன்சர்ல 50%ஓ அதுக்கு மேலயோ இருந்தா கீமோ இல்லாம பெம்ப்ரோலிசுமாப் மட்டும் குடுக்கற வழி 2016ல வந்த கீநோட் 024 டிரையல்லேருந்து ஆரம்பிச்சது. ஆனா பயாப்ஸிங்கறது ஒரு கட்டிலேருந்து ஒரு நூல் அளவு சதை, அதே ஆளோட லிவர்ல இருக்கற கட்டி வேற மாதிரி இருக்கலாம், அதே கட்டியோட இன்னொரு மூலை கூட வேற மாதிரி இருக்கலாம், ரெண்டு மாசம் கழிச்சு எல்லாமே மாறியிருக்கலாம்.

அதனால மருந்துலயே கதிரியக்கத்த ஒட்டி உள்ள விட்டு அது எங்கெங்க போய் ஒட்டுதுன்னு பாத்தா என்னன்னு யோசிச்சாங்க. நெதர்லாந்துல குரோனிங்கன் குழு பிடி-எல்1ல போய் ஒட்டற அட்டெசோலிசுமாப் மருந்துல கதிரியக்க சிர்கோனியம் 89ஐ ஒட்டி 22 பேருக்கு பெட் எடுத்து 2018ல நேச்சர் மெடிசின் பத்திரிகைல போட்டாங்க, பயாப்ஸி பிடி-எல்1 டெஸ்ட்டவிட இந்த படத்துல தெரிஞ்ச அளவு யாருக்கு மருந்து கேக்கும்ங்கறதோட நல்லா பொருந்திச்சு, ஒரே ஆளுக்குள்ளயே கட்டிக்கு கட்டி வித்தியாசம் இருந்ததும் தெரிஞ்சது. அதே குழு அப்புறம் 2022ல சிடி8 டி செல்ல நேரா காட்டற டிரேசர 38 பேர்கிட்ட பாத்தாங்க. (குழப்பிக்காதீங்க, இந்த சிடி8 செல்லோட பேரு, ஸ்கேன் சிடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.) இதுதான் எனக்கு ரொம்ப ஆசைய கிளப்புது, ஏன்னா பெட்ல பளிச்சுன்னு தெரியறது கேன்சரா டி செல்லாங்கற கேள்விக்கு நேரா பதில் சொல்லக்கூடியது இந்த வகை ஸ்கேன்தான்.

ஆனா இன்னைக்கு முடிவெடுக்க வேண்டிய ஒருத்தருக்கு இது ஒரு ஆப்ஷனான்னு கேட்டா, டிரையல்ல சேர முடிஞ்சா மட்டும். சிர்கோனியம் 89 பாதியா குறைய மூணு நாளுக்கு மேல ஆகும், முழு ஆன்டிபாடிங்கற பெரிய புரதம் ரத்தத்துலேருந்து கட்டிக்கு போய்ச் சேரவும் நாலு நாள் ஒரு வாரம் ஆகும், அதனால ஊசி ஒரு நாள் ஸ்கேன் வேறொரு நாள், கதிர்வீச்சும் சாதாரண பெட்டவிட கூடுதல். மண்ணீரல், நிணநீர் முடிச்சுல இயல்பாவே போய் ஒட்டிக்கும், ஏன்னா அங்கதான் டி செல்லு குடியிருக்கு, அதனால முடிச்சுல இருக்கற கேன்சர பிரிச்சு பாக்கறது கஷ்டம். எல்லாத்தையும்விட முக்கியமா, படத்துல ஒட்டலன்னா மருந்தே குடுக்க வேணாம்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் சேரல, 22 பேர் 38 பேர் வச்சு ஒருத்தருக்கு கிடைக்கற வாய்ப்ப மூட முடியாது. யாராவது டிரையலுக்கு வெளில காசு வாங்கிட்டு இத பண்றேன்னு சொன்னா எதுக்குன்னு கேளுங்க.

ரேடியோமிக்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. சாதாரண சிடி படத்துலயே கண்ணுக்குத் தெரியாத பேட்டர்ன கம்ப்யூட்டர் எடுத்து உள்ள எவ்வளவு டி செல் இருக்கும்னு கணிக்கறது, பிரான்ஸ்ல குஸ்தாவ் ரூசி குழு 2018ல லான்செட் ஆன்காலஜில போட்ட ஆய்வு இதுல ரொம்ப பேசப்பட்டது. புது ஊசி வேணாம், புது மெஷின் வேணாம், ஏற்கனவே எடுத்த படமே போதும், கேக்க நல்லா இருக்கு. ஆனா ஸ்லைஸ் தடிமன் மாறினா, கான்ட்ராஸ்ட் போட்ட நேரம் மாறினா, மெஷின் மாறினா நம்பரும் மாறுது. இத வச்சு இன்னைக்கு யாரோட மருந்தையும் மாத்த மாட்டாங்க, மாத்தவும் கூடாது.

அப்போ எத எடுக்கறது? என் கணக்கு இப்படி. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு வாரத்துக்குள்ள ஒரு கான்ட்ராஸ்ட் சிடி கட்டாயம், வசதி இருந்தா அதோட ஒரு பெட்டும், மூளைக்குப் போற வகை கேன்சர்னா எம்ஆர்ஐயும். காசு ஒரு பெட்டுக்குத்தான் இருக்குன்னா அத ஆரம்பத்துலயே செலவு பண்றது புத்திசாலித்தனம்னு சொல்வேன், ஏன்னா அப்புறம் எப்போ பெட் எடுத்தாலும் ஒப்பிட ஒண்ணு வேணும், ஆரம்பம் இல்லாத பெட்ல பாதி விஷயம் யூகம்தான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சிடி, முடிஞ்ச வரைக்கும் அதே இடத்துல அதே மெஷின்ல, இடம் மாறினா ரிப்போர்ட் பேப்பர மட்டும் குடுக்காம பழைய படம் இருக்கற டிஸ்க்க குடுத்து பக்கத்துல வச்சு பாக்கச் சொல்லணும்.

முதல் சிடில வளர்ச்சி தெரிஞ்சா, அங்கதான் ஸ்கேனவிட ஆளப் பாக்கணும். சாப்பிடறார், நடக்கறார், வலி குறைஞ்சிருக்கு, எடை ஏறுது, ஆனா கட்டி மட்டும் கொஞ்சம் பெருசுன்னா மருந்த தொடர்ந்துட்டு 4லேருந்து 8 வாரத்துல அடுத்த சிடி, இதுல எனக்கு தயக்கமே இல்ல. ஆனா ஆள் படுத்துட்டார், புதுசு புதுசா கட்டி, ரத்த டெஸ்ட் எல்லாம் மோசமாகுதுன்னா பொய் வளர்ச்சின்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் காத்திருக்கறது ஆபத்து. சிலருக்கு இந்த மருந்துக்கு அப்புறம் கட்டி முன்னவிட வேகமா ஓடும், ஹைப்பர்புரோக்ரஷன்னு சொல்றாங்க, 2017ல வந்த ஒரு ஆய்வுல 131 பேர்ல 12 பேருக்கு வளர்ற வேகம் ரெண்டு மடங்குக்கு மேல போயிருந்தது. இது மருந்தாலயா நோயே அப்படித்தானான்னு இன்னும் சண்டை ஓடுது, ஆனா காத்திருக்க நேரம் இல்லங்கறதுல சண்டை இல்ல. ஆறு கட்டி சுருங்கி ஒண்ணு மட்டும் வளருதுன்னா அது தனி கேஸ், மருந்த தூக்கிப் போடாம அந்த ஒண்ணுக்கு மட்டும் ரேடியேஷனோ ஆபரேஷனோ பண்ண முடியுமான்னு கேக்கணும்.

மூச்சு வாங்குது, இருமல் புதுசுன்னா அடுத்த மாசம் போட்டு வச்சிருக்கற ஸ்கேனுக்காக இருக்கவே கூடாது, பெட்டுக்காகவும் அலைய வேணாம், அன்னைக்கே நெஞ்சு சிடி. நுரையீரல் அழற்சி இந்த மருந்துங்கள்ல உயிர வாங்கக்கூடிய பக்கவிளைவுங்கள்ல ஒண்ணு, ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாதான் அடங்கும்.

மலக்குடல் கேன்சர்ல, டிஎன்ஏ ரிப்பேர் குறைபாடு இருக்கற ஒரு சின்ன வகைல, டோஸ்டார்லிமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்து மட்டும் குடுத்து 2022ல வெளியான முடிவுல 12 பேருக்கும் கட்டி முழுசா மறைஞ்சு ஆபரேஷன் இல்லாமலே விட்டாங்க. அங்க முடிவெடுத்தது ஒரு ஸ்கேன் இல்ல, எம்ஆர்ஐ, பெட், எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி எல்லாம் ஒண்ணுபோல "இல்ல"ன்னு சொன்னதாலதான். உறுப்ப விட்டு வைக்கற மாதிரி பெரிய முடிவுன்னா இந்த அளவு சாட்சி வேணும்.

பெட்டு நிஜமாவே காசுக்கு வேலை செய்யற இடம் ஒரு வருஷம் முடிஞ்சப்புறம். மெலனோமால 104 பேர ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு விதமாவும் பாத்தாங்க, 2018ல வந்தது, சிடி கணக்குல முழுசா மறைஞ்சது 28% பேருக்குத்தான், பெட் கணக்குல முழுசா அடங்கினது 75% பேருக்கு. சிடில மிச்சம் தெரிஞ்சது பெரும்பாலும் வெறும் தழும்பு, பெட்ல அடங்கினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நோய் திரும்பவும் தலை காட்டல. ஒரு வருஷம் ஆனதும் டி செல்லோட ஆரம்ப ஆட்டமும் அடங்கியிருக்கும், அதனால பளிச்சுன்னா பளிச்சுதான், இல்லன்னா இல்லதான். ரெண்டு வருஷம் வரைக்கும் மருந்த இழுக்காம பெட்ட வச்சு ஒரு வருஷத்துலயே நிறுத்தலாமான்னு அமெரிக்கால பெட்ஸ்டாப்னு ஒரு டிரையலே வச்சிருக்காங்க.

நிறுத்தறதப் பத்தி உங்க டாக்டர்கிட்ட பேசப் போறீங்கன்னா அந்த பெட்டோட போங்க. அதுல எல்லாம் அடங்கி ஒரே ஒரு முடிச்சு மட்டும் பளிச்சுன்னு இருந்தா, மருந்து தோத்துடுச்சுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி அத குத்திப் பாக்க முடியுமான்னு கேளுங்க, ஏன்னா மேல சொன்ன சார்காய்டு மாதிரி ரியாக்ஷனும் படத்துல அச்சு அசலா பரவின கேன்சர் மாதிரியேதான் இருக்கும்.